இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே சொன்னது

ஆகஸ்ட் 19, திங்கள்

கால் பெருவிரல் நகம் மறுபடி கறுத்துவிட்டது. இந்தக் கோடையில் இது இரண்டாவது தடவை. விழட்டும்.

நாளை மறுநாள் புதுப் பயணிகள் கூட்டம் என் கைக்கு வருகிறது. வெனிஸில் மூன்று நாள், மலையில் நான்கு நாள், மறுபடி வெனிஸில் விடைபெறும் விருந்து. லிவியா விளம்பரத்துக்கு வைத்த தலைப்பு ‘தண்ணீரிலிருந்து கல்லுக்கு’. ‘ஈரச் செருப்பிலிருந்து கொப்புளத்துக்கு’ என்று போடலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நகரம் அவளுடையது. வெனிஸில் பிறந்தவள், அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டி. மலை என்னுடையது. நான் படித்தது மெக்கானிக்கல், அதிலும் ரோப் கார். படிக்கும்போது கைச்செலவுக்காக எடுத்து வைத்த மலை வழிகாட்டி உரிமம்தான் இத்தனை வருடம் சோறு போடுகிறது. இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. பணக்காரர்களுக்கு மட்டும். மே முதல் செப்டம்பர் வரை நானும் அவளும் பார்த்துக்கொள்வது மலையடிவாரத்தில், கொர்த்தினா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில், ஒரு காபி குடிக்கும் நேரம். அவள் கூட்டத்தை வேனில் கொண்டுவந்து ஒப்படைப்பாள். நான் வாங்கிக்கொள்வேன். அவள் அடுத்த பஸ் ஏறி வெனிஸுக்குப் போய்விடுவாள். கணவன் மனைவி என்று சொல்ல முடியாது, காதலர்கள் என்றும் இப்போது சொல்ல முடியாது. ஷிப்ட் மாறும் ஊழியர்கள்.

போன வாரம் போல்சானோவிலிருந்து போன். ரோப் கார் கம்பெனி. கம்பிவடங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. நவம்பரில் சேர வேண்டும். போனிலேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

லிவியாவிடம் சொல்லவில்லை. சீசன் முடியட்டும். நடுவில் சொன்னால் வேலை கெடும்.

இது காரணமா, சாக்கா? காரணம்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

இந்த முறை ஒரே ஒரு ஜோடி. ஒத்தோரீனோ பெர்த்தோலி, அவர் மனைவி இவானா. லுமெட்சானேக்காரர்கள். குழாய்த் தொழிற்சாலை வைத்திருக்கிறார். திருகினால் தண்ணீர் வருமே, அந்தக் குழாய். அரசு கொடுத்த பட்டம் ஒன்று இருப்பதால் ‘காவலியேரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். பெயரைச் சொன்னால் காது கேட்காது.

“தம்பி, பாதி இத்தாலி என் குழாயிலதான் பல்லு விளக்குது,” என்றார். கை கொடுப்பதற்கு முன்பே.

இருவரும் கழிப்பறைக்குப் போன நேரத்தில் லிவியா விவரம் சொன்னாள். வாடிக்கையாளர் முன்னால் நாங்கள் ‘நீங்கள்’ போட்டுத்தான் பேசுவோம், அது அவள் வைத்த விதி. அவர்கள் நகர்ந்ததும் மாறிவிடும்.

“அவருக்கு முட்டி வலி, ஒத்துக்க மாட்டார். அந்தம்மாவுக்குப் புது பூட்ஸ், வீட்ல ஒரு நாள்கூடப் போட்டு நடக்கல. சர்ச் எதுவும் பிடிக்கல. ஓட்டல்ல குழாய் எந்தக் கம்பெனின்னு மூணு நாளா குனிஞ்சு பார்த்துட்டிருந்தார்.”

“அவர் கம்பெனியா?”

“இல்ல. அதான் கோபம்.” காபியை ஒரே மடக்கில் குடித்தாள். “சாப்பிட்டியா?”

“ம்.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“இல்ல.”

பஸ் வந்தது. போய்விட்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள் என்பது பஸ் திரும்பும்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று மலை விடுதியில் தூக்கம். ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி கஷ்டப்பட ஆசைப்படுவார்கள். அதற்குத்தான் கூடுதல் கட்டணம்.

பெட்டிகள் விடுதியின் சரக்கு ரோப் காரில் மேலே போயின. இவானா அம்மாவின் பெட்டியில் முடி உலர்த்தும் இயந்திரம். விடுதியில் அதற்குப் போதிய மின்சாரம் கிடையாது. சொன்னேன். “இருந்தாலும் இருக்கட்டும், தைரியமா இருக்கும்,” என்றார். பெட்டி ஏறுவதைப் பார்க்கிற சாக்கில் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

உயரம் எழுதிய மஞ்சள் பலகைக்கு வந்ததும் காவலியேரே நின்றார். தொப்பியைக் கழற்றினார். “ரெண்டாயிரம் தாண்டியாச்சு. இதுக்கு மேல பட்டம் கிடையாது, நீங்க நாங்க கிடையாது. நான் ஒத்தோ. நீ எர்மெஸ். சரியாடா?”

“சரி ஒத்தோ.”

“வீட்ல நாப்பது வருஷமா சொல்றேன், அந்தப் பட்டத்தைக் கழட்டி வைய்யான்னு,” என்றார் இவானா. “அதுக்கு ஒரு மலை தேவைப்படுது.”

இந்த வழக்கம் எனக்குப் பழகியது. மேலே ஏறியதும் நீதிபதியும் நீ, வங்கித் தலைவரும் நீ. கீழே இறங்கியதும் மறுபடி பட்டத்தை மாட்டிக்கொள்வார்கள்.

விடுதியில் ரொட்டி உருண்டை போட்ட சூப். பிறகு பைன் காய் ஊறிய கிராப்பா சாராயம். இவானா அம்மா கொப்புளத்தோடு மேல் கட்டிலுக்குப் போய்விட்டார். ஒத்தோ ஆரம்பித்தார்.

“அந்த லிவியா உன் ஆளா?”

“ஆமா.”

“தெரியும். உன்னைப் பத்திப் பேசறப்போ மட்டும் வேகமா நடந்தா. நீ இஞ்சினியராமே. இஞ்சினியருக்கு இங்க என்ன வேலை? ஆட்ட மேய்க்கற மாதிரி என்னை மேய்ச்சுக்கிட்டு?”

சொல்லிவிட்டேன். போல்சானோ, நவம்பர், கம்பிவடம் எல்லாம். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவர் எதிரில் இருந்தார்.

“அப்ப இந்தக் கம்பெனி?”

“இது நாடகம் ஒத்தோ. கீழ அவ மூணு நாள் கதை சொல்றா. மேல நான் நாலு நாள் மேகத்தைப் பார்த்து ‘அழகா இருக்கு’ங்கறேன். எனக்கு ஒரு வேலை செஞ்சா, அது செஞ்சா மாதிரி இருக்கணும்.”

“பலே!” என்று கோப்பையை இடித்தார். நல்ல மனிதர். குறட்டைதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இறக்கத்தில் ஊன்றுகோல் இரண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முட்டி வலி என்று ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று மதியம் அவர்களுக்கு வெனிஸில் விருந்து. லிவியா நடத்துவாள். நான் அதற்கு ஒருநாளும் போனதில்லை. எங்கள் டிரைவர் அல்வீசே இவர்களை இறக்கிக் கொண்டுபோவான், நான் மேலேயே இருந்துவிடுவேன்.

சாயங்காலம் லிவியாவிடமிருந்து ஒரு வரி: “வாழ்த்துகள், இஞ்சினியர்.”

வேறு எதுவும் இல்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அல்வீசேக்குச் செய்தேன்.

“ஏன், என்ன விஷயம்?” என்றான். “சந்தோஷமாத்தான் போச்சு. காவலியேரே எழுந்து நின்னு கோப்பையைத் தூக்கினார். ‘நம்ம இஞ்சினியருக்கு! நவம்பர்ல போல்சானோவுல ரோப் காருக்கு டாக்டர் ஆகப் போறார்’னு.”

“லிவியா?”

“அவளும் கோப்பையை இடிச்சா. ‘ஆமா, எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்’னா. எனக்குத்தான் யாரும் சொல்லல. இனிமே நீ மேல இருக்க மாட்டியா? நான் யாரை ஏத்திக்கிட்டு வரதாம்?”

அட போய்யா. குழாய்க்காரன். மேல பேசினத மேலயே விட்டுட்டு இறங்கணும்னு தெரியாதா? எங்க ஊர்ல பால்காரப் பையனுக்குக்கூடத் தெரியும். ‘நீ’ன்னு கூப்பிடறது வழக்கத்துல பாதி. மேல கேட்டத கீழ கொண்டுபோகாம இருக்கறது மீதிப் பாதி. பள்ளத்தாக்குல இருந்து வர்றவனுக்கு முதல் பாதிதான் தெரியும், அது ஜாலியா இருக்கு, அதனால—

இல்லை. நிறுத்து.

அவளுக்குத் தெரியாது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஒரு மனுஷன் தன் காதலியிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறான் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்?

ஆகஸ்ட் 28, புதன்

கொர்த்தினா. மழைத் தூறல். தூரின் நகரத்துச் சகோதரிகள் இருவர். மூத்தவர் மிரெல்லா, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இளையவர் பியெரா, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இருவரும் மருந்துக் கடைக்குள் போனார்கள். நானும் லிவியாவும் மட்டும் வேன் பக்கத்தில்.

“மூத்தவங்களுக்குப் பால் ஒத்துக்காது. விடுதிக்காரங்ககிட்ட நீங்க முன்னாடியே சொல்லிடுங்க.”

“லிவியா, இங்க யாரும் இல்ல.”

“தெரியும்.” குடையை மூடித் தண்ணீரை உதறினாள். “இளையவங்க மெதுவா நடப்பாங்க. அவசரப்படுத்தாதீங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.”

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவள் மழையில் போய் நிறுத்தத்தில் நின்றாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் ஒரு ஜெர்மன் குடும்பம் சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத வகை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விடுதி. பலகையைத் தாண்டியதும் இவர்களும் ‘நீ’க்கு மாறிவிட்டார்கள். மிரெல்லா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பல்லைக் கடிக்கிற.”

“தூக்கத்துலயா?”

“முழிச்சிருக்கறப்பவே. சூப் குடிக்கறப்பக்கூட. ஆயுசு பூரா வாயைப் பார்த்தவ சொல்றேன், இப்படியே போனா நாப்பது வயசுல கடைவாய்ப் பல்லு மிஞ்சாது. என்ன பிரச்சனை?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த வெனிஸ் பொண்ணா?”

பியெரா அக்காவின் கையைத் தட்டினார். “விடேன். சாப்பிட வந்த இடத்துல.”

“நீ சும்மா இரு. ரெண்டாயிரத்துக்கு மேல எல்லாம் கேக்கலாம்.” என் பக்கம் திரும்பினார். “மூணு நாளா உன் பேரையே எடுக்கல அவ. நாங்களாத்தான் கேட்டோம், மலைக்கு யார் வருவாங்கன்னு. ‘தகுதியான ஒருத்தர்’னா. அவ்வளவுதான். ஒரு பொண்ணு ஒருத்தனைத் தகுதியானவன்னு சொன்னா அவன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். என் முதல் புருஷனை நான் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.”

சூப் ஆறிப்போனது.

“ஞாயித்துக்கிழமை அவளைப் பார்ப்போம்,” என்றார் மிரெல்லா, இந்த முறை மெதுவாக. “ஏதாவது சொல்லணும்னா சொல்லு. பக்குவமா சொல்றேன்.”

வாயைத் திறந்துவிட்டேன். ‘நான் சொல்லியிருக்கணும்னு சொல்லுங்க’ என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! அவர்கள் கொண்டுபோவார்கள், அவள் கேட்பாள், பதிலை அடுத்த கூட்டம் கொண்டுவரும்.

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் அவள் அம்மா படியில் விழுந்ததை எனக்குச் சொன்னது ஒரு பெல்ஜியக்காரர். தோஜே அரண்மனையில் அவளைத் தனி வழிகாட்டியாக எடுத்துக்கொண்டதைச் சொன்னது ஒரு நோட்டரியின் மனைவி. அவளுக்குக் காய்ச்சல் என்று, வெளிறிப்போயிருந்தாள் என்று, ஒரு நாள் ரொம்பச் சிரித்தாள் என்று எல்லாமே யாரோ சொல்லித்தான். நான் காதலித்துக்கொண்டிருந்தது வாடிக்கையாளர்கள் சொன்ன ஒருத்தியை.

“வேண்டாம் மிரெல்லா. நானே சொல்லிக்கறேன்.”

“எப்ப? நீ மேல இருக்க, அவ கீழ இருக்கா.”

செப்டம்பர் 1, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், கை ஆடுகிறது. திரும்பி மேலே போய்க்கொண்டிருக்கிறேன்.

காலையில் வேனில் நானும் ஏறினேன். அல்வீசே கண்ணாடியில் பார்த்தான். “எங்கடா? உன் இடம் மேல.” பியெரா, “வண்டியை எடுப்பா, உனக்கென்ன,” என்றார்.

வெனிஸில், ஜூதெக்கா தீவில், தண்ணீரோரம் சாப்பாட்டுக் கடை. என்னைப் பார்த்ததும் லிவியாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. பரிமாறுகிறவனிடம் இன்னொரு தட்டு கேட்டாள். மீன் வந்தது. மழை வருமா என்று பேசினோம். காபி வருவதற்குள் மிரெல்லா எழுந்து, “அந்த சர்ச்சைப் பார்த்துட்டு வரோம்,” என்றார். “எந்த சர்ச்?” என்றார் பியெரா. “ஏதோ ஒண்ணு, வா!”

படகு நிறுத்தத்துக்கு நடந்தோம். மிதக்கும் மேடை. ஒரு பக்கச் சங்கிலி தளர்ந்து கோணலாக ஆடிக்கொண்டிருந்தது. “இதை இழுத்துக் கட்டலைன்னா குளிர்காலத்துல…” என்று ஆரம்பித்தேன்.

“எர்மெஸ்!”

நிறுத்தினேன்.

“எதுக்கு வந்த?”

‘வந்த’ என்றாள். ‘வந்தீங்க’ இல்லை.

“நானே சொல்லணும்னு.”

“என்னத்த? அதான் குழாய்க் கம்பெனி சொல்லிடுச்சே.”

“நாடகம்னு சொன்னேன். அதையுமா?”

“அதைத்தான் முதல்ல. பெருமையா சொன்னார். ‘உங்க ஆளுக்கு இந்த நாடகமெல்லாம் ஒத்துவராது, எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைப் பிடிக்கும்’னு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அந்தம்மா மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்தேன். நீ சொன்னது சரிதான் போல, நாடகம்தான் அது. நல்லாவே நடிச்சேன்.”

ஒரு படகு வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

“வேலைக்குப் போறது எனக்கு ஒண்ணுமில்லடா. கம்பியைப் பத்திப் பேசறப்பத்தான் நீ மனுஷன் மாதிரி இருக்க, எனக்குத் தெரியாதா? ஆனா ஊருக்கே தெரிஞ்சத எனக்கும் தெரிஞ்ச மாதிரி நிக்க வெச்ச பாரு. அது.”

“தப்புதான்,” என்றேன். ஆனால், அதனால், ஏனென்றால் என்று மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். எதையும் சொல்லவில்லை.

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். “நானும் ஒண்ணு பண்ணேன். இவானா அம்மாகிட்ட, நீ அவங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, வேணும்னே சொன்னேன். இன்னொரு கோடை என்னால முடியாது, இந்தக் கம்பெனி போதும்னு. உன்கிட்ட வந்து சேரும்னு நெனச்சேன்.”

“வரல.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“நாலு நாளும் கொப்புளத்தைப் பத்தி மட்டும்தான் பேசினாங்க.”

சிரித்துவிட்டாள். நானும். பிறகு அவள் சிரிப்பு நின்றது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தோளைத் தொடவில்லை. தொட்டிருக்கலாமா?

“இப்ப எதுவும் முடிவு பண்ண வேண்டாம்,” என்றாள். “சீசன் முடியட்டும். கூட்டம் இல்லாதப்ப யோசிக்கலாம், நாம ஏதாவது இருக்கோமா இல்லையான்னு. எனக்குத் தெரியல, எர்மெஸ். நிஜமாவே தெரியல.”

நானும் தெரியாது என்றேன். பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, சனி

மேலே பனி. கூட்டம் ரத்து. நாள் முழுக்கத் தூங்கினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கடைசிக் கூட்டமும் இறங்கியாயிற்று. கொர்த்தினாவில் லிவியாவோடு ஒரு காபிக்குப் பதில் இரண்டு. பேசியது அதிகமில்லை. அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள், அடுத்ததில் போனாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

கம்பெனியை மூடுகிறோம். இணையப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று போனில் சண்டை. நான் மூன்று காரணங்களை வரிசையாக எழுதியிருந்தேன்.

“யாருக்கு இது? காரணத்தையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா? ‘நிறுத்திவிட்டோம், நன்றி’ன்னு போடு.”

போட்டேன்.

போனில் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. நடுநடுவே இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். யாரும் வைத்துவிடுவதும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

போல்சானோ. வேலையில் முதல் நாள். எல்லோரும் டாக்டர், இஞ்சினியர் என்று பட்டம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். கம்பிவடம் மட்டும் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. அறையில் ஹீட்டர் சத்தம். பரவாயில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ரயிலில் வெனிஸ் போய்வந்தேன். அவள் கூப்பிடவில்லை. “வரட்டுமா?” என்று நான் கேட்டேன், “வா” என்றாள்.

ஸ்டேஷன் படியில் நின்றிருந்தாள். தூக்கிப் பிடிக்கும் குடை இல்லை, கழுத்தில் அட்டை இல்லை. பனிமூட்டம். பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. நடந்தோம். ஒரு செங்கல் சர்ச் வந்தது.

“இது எந்த சர்ச்?”

“தெரியல. இன்னைக்கு எனக்கு லீவு.”

இத்தனை வருடத்தில் அவள் ஊரை நான் அவளோடு நடந்து பார்த்ததே இல்லை. அவள் எதையும் காட்டவில்லை. ஒரு இடத்தில் வழி தவறிச் சந்து தண்ணீரில் முடிந்தது, திரும்பி வந்தோம். அவள் அதற்கு வருத்தப்படவில்லை. நாளை புனித மார்ட்டின் நாள். பேக்கரி ஜன்னல்களில் குதிரைமேல் உட்கார்ந்த புனிதர், பிஸ்கட்டில், மேலே முழுக்கச் சர்க்கரை உருண்டைகள். ஒன்று வாங்கினாள். கிணற்று மேடையில் உட்கார்ந்து உடைத்தாள். வால் எனக்கு.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டிருந்தார். ஜனவரியிலிருந்து நான்கு மாதம் ஜார்ஜியாவில் ஒரு புது ரோப் கார். போகிறாயா? ‘திங்கட்கிழமை சொல்கிறேன்’ என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். புது ஆட்கள் உடனே சரி என்பார்களாம்.

அதை அவளிடம் சொன்னேன். ஜனவரி, நான்கு மாதம், குளிர், சம்பளம், எனக்கு ஆசை இருக்கிறது என்பதையும், பயமும் இருக்கிறது என்பதையும்.

அவள் மடியில் விழுந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“உனக்கு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

பூட்ஸ் நுனியால் கல்லைத் தேய்த்தாள். பிறகு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“சரி,” என்றாள். “மொதல்ல இருந்து சொல்லு. மெதுவா.”